கொள்கையும் பதவியும்



தேர்தல் காலம் வந்தால் வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களின் வீட்டு வாயிலுக்கும் கட்சிக்காரர்கள் வரத் தவறுவதில்லை. கல்கத்தாவில் வங்க மொழியிலும், பம்பாயில் மராத்தியிலும், டில்லியில் இந்தியிலும் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்கள் நம் கையில் தரப்படுகின்றன. அவர்கள் சென்ற பிறகு திண்ணையிலோ மாடிப்படியிலோ நாம் நின்று பேசும் பேச்சு பெரும்பாலும் ஒரே தன்மையுடையது. இக்கட்சி தன் கொள்கையைக் கைவிட்டுப் பதவிக்குப் போய்விட்டது என்று ஒருவர் குறை கூறுவார். கொள்கை, கொள்கை என்று சொல்லிக்கொண்டு ஒரு காரியமும் செய்யாமல் காலங் கழித்துவிட்டது என்று மற்றொருவர் கூறுவார். வேடிக்கை என்னவென்றால், இரு குறைகளும் சில சமயங்களில் ஒரே கட்சியைப் பற்றியவையாக இருக்கும்.

இக்கேள்வி புதியதன்று. இன்று கொல்கத்தா என வழங்கும் இந்நகரம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதனை மிகக் கடுமையாக வாதாடிப் பார்த்திருக்கிறது. அவ்வழக்கில் தமிழ்நாட்டுப் பெரியோர்களும் முன்னணியில் நின்றார்கள். லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வாழும் நம்மவர்களுக்குக் கேவ்ராதலா மயானம் தெரியாத இடமன்று. அங்கே நினைவு மண்டபம் எழுப்பப்பெற்றுள்ள தேசபந்து சித்தரஞ்சன் தாசரே அவ்வழக்கின் நாயகர்.

தாசர் பெரும் வருவாய் ஈட்டிய பாரிஸ்டர், கவிஞரும் ஆவார். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடி அவரை விடுவித்தவர். 1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் விசேஷ மகாசபையில் காந்தியடிகள் ஒத்துழையாமைத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, சட்டசபைகளைப் பகிஷ்கரிப்பது சரியன்று எனத் தாசர் எதிர்த்தார். அவ்வாண்டு டிசம்பரில் சேலம் விஜயராகவாச்சாரியார் தலைமையில் நாகபுரியில் காங்கிரஸ் கூடியபோது அவரே அத்திட்டத்தை ஏற்றார். ஏற்றதோடு நில்லாமல் தம் வக்கீல் தொழிலையும் துறந்தார். 1921 டிசம்பரில் சிறை புகுந்தார். ஆமதாபாத் காங்கிரசுக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் சிறையில் இருந்தமையால் அஜ்மல்கான் தலைமை வகிக்க நேர்ந்தது. பின்னால் அவரைப் பதவி ஆசை கொண்டவர் என்று ஏசியவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிட்டார்கள்.

1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் 22 போலீஸார் கொல்லப்பட்டதும் காந்தியடிகள் இயக்கத்தை நிறுத்தினார். அடுத்த மாதம் அவருக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தலைவர் சிறையில், இயக்கமோ நின்றுபோயிற்று. இனிச் செய்வது யாது? இதை ஆராயக் காங்கிரஸ் ஒரு குழுவை அமைத்தது. சட்டசபைப் பிரவேசம் பற்றி அக்குழுவின் ஆறு பேர் மூவர் மூவராகப் பிரிந்தனர். அஜ்மல்கான், மோதிலால் நேரு, விட்டல்பாய் படேல் ஆகியோர் உள்ளே செல்லலாம் என்றனர். அன்சாரி, இராஜகோபாலாச்சாரியார், 'ஹிந்து' ஆசிரியர் கஸ்தூரிரங்க ஐயங்கார் ஆகியோர் கூடாது என்றனர். மறுத்த மூவரில் இருவர் தமிழர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1922 டிசம்பரில் கயாவில் மகாசபை கூடிற்று. இம்முறை தலைவர் தாசரே. அரசாங்கத்தின் கோட்டையை நாம் காலியாக விட்டால் அது காலியாகவே இராது, வேறொருவர் புகுந்துகொள்வார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அது வெறும் கற்பனையன்று. 1920-இல் காங்கிரஸ் ஒதுங்கி நின்ற தேர்தலில் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி மந்திரி சபை அமைத்தது. அவர்கள் செய்த காரியங்களும் உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை 1921-இல் அந்தச் சட்டசபையில்தான் கிடைத்தது. காங்கிரஸ் ஒதுங்கியதால் சட்டசபை நின்றுவிடவில்லை.

எதிர்த் தரப்பில் இராஜாஜி நின்றார். அப்போது அவருக்கு வயது 44. எடுத்த விரதத்தை, அதை எடுக்கச் செய்த தலைவர் சிறையில் இருக்கும்போது, நாமாகவே தளர்த்துவது தகாது என்றார். இடிக்கப் போகிறோம் என்று சொல்லி உள்ளே செல்கிறவர்கள் அங்கேயே குடியிருந்துவிடுவார்கள் என்பதும் அத்தரப்பாரின் அச்சம். இது பிற்காலத்தில் ஓரளவு மெய்யாயிற்று என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கயாவில் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற வாக்குக் கணக்கில் தாசர் தரப்பு தோற்றது. அகில இந்திய காங்கிரசின் தலைவராக அமர்ந்தவர் தம் சபையிலேயே தோற்றார். அவர் செய்தது யாதெனில், தலைமைப் பதவியைத் துறப்பதாக அறிவித்துவிட்டு, மோதிலால் நேருவைச் செயலாளராகக் கொண்டு, காங்கிரசுக்கு உள்ளேயே சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார். பெரும்பான்மையோர் ஏற்காத ஒரு கருத்தைத் தலைவர் நாற்காலியில் இருந்துகொண்டே மறைமுகமாக நடத்த முற்படவில்லை. இந்த ஒரு செயலுக்காகவே அவரிடம் நமக்கு மதிப்பு மிகுகிறது.

1923 செப்டம்பரில் டில்லியில் மௌலானா ஆசாத் தலைமையில் கூடிய விசேஷ மகாசபை, மனச்சாட்சித் தடை இல்லாதவர்கள் தேர்தலில் நிற்கலாம் என்று வழிவிட்டது. நவம்பர்த் தேர்தலில் மத்திய சட்டசபையின் தேர்ந்தெடுக்கப்படும் 101 இடங்களில் 42 சுயராஜ்யக் கட்சிக்குக் கிடைத்தன. வங்காளச் சட்டசபையிலும் அதுவே மிகப் பெரிய கட்சி. கவர்னர் லிட்டன் பிரபு தாசரை அழைத்து மந்திரி சபை அமைக்கச் சொன்னார். தாசர் மறுத்துவிட்டார்.

இந்த மறுப்பின் காரணத்தை விளங்கிக்கொள்ள அக்காலத்து இரட்டையாட்சி முறையைச் சிறிது அறிய வேண்டும். 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம், விவசாயம் போன்ற இலாகாக்கள் மந்திரிகளிடம் விடப்பட்டன. போலீஸ், நிலவரி, நிதி ஆகியவை கவர்னரின் நிர்வாக சபையிடம் இருந்தன. பள்ளிக்கூடம் கட்டும் பொறுப்பு ஒருவரிடம்; பணப்பெட்டியின் சாவி மற்றொருவரிடம். இத்தகைய மந்திரிப் பதவியில் அமர்ந்தால் பழி நமக்கு, அதிகாரம் பிறர்க்கு என்று தாசர் கண்டார். ஆனால் மந்திரிகளின் சம்பளம் சட்டசபையின் வாக்குக்கு உட்பட்டது. 1924-லும் 1925-லும் அச்சம்பளத்தைச் சட்டசபை மறுக்கும்படி செய்தார். மந்திரிகள் நிற்க இடமின்றிப் போயினர். வங்காளத்தில் இரட்டையாட்சி முறிந்தது.

இதுவரை இக்கதை வெறும் மறுப்புக் கதைதான். ஆனால் அதே 1924-இல், மந்திரிப் பதவியை வேண்டாம் என்ற தாசர், கல்கத்தா நகரசபையின் மேயர் பதவியை ஏற்றுக்கொண்டார். ஒன்றை மறுத்து மற்றொன்றை ஏற்றது முரண்பாடு என்று அன்றே சிலர் நகைத்தனர். நமக்கு அது முரண்பாடாகத் தோன்றவில்லை. நகரசபையில் வரி தண்டும் உரிமையும், செலவிடும் உரிமையும், ஆட்களை நியமிக்கும் உரிமையும் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையில் இருந்தன. அந்த நாற்காலியில் அமர்ந்து ஒரு தெருவுக்கு விளக்குப் போட முடியும். ஒரு பள்ளி திறக்க முடியும். தாசர் அளந்தது பதவியின் பெயரையன்று. அதிலிருந்து தம் கையால் என்ன செய்ய இயலும் என்பதையே அவர் அளந்தார்.

இங்கே ஒரு மனிதரை நினைவுகூராமல் செல்வது நன்றியாகாது. நகரசபைக்கு அவ்வளவு அதிகாரம் தந்த 1923-ஆம் ஆண்டுக் கல்கத்தா முனிசிபல் சட்டத்தை இயற்றியவர் சர் சுரேந்திரநாத் பானர்ஜி. இரட்டையாட்சியில் மந்திரிப் பதவி ஏற்றதற்காகத் தேசியவாதிகளின் கண்டனத்துக்கு ஆளானவர். 1923 தேர்தலில், சுயராஜ்யக் கட்சியின் ஆதரவுடன் நின்ற டாக்டர் பிதான் சந்திர ராய் அவரைத் தோற்கடித்தார். ஒருவர் பழி சுமந்து கட்டிய வீட்டில், அவரைப் பழித்தவர்கள் குடியேறினார்கள். அரசியலில் இவ்வாறு நிகழ்வது அரிதன்று.

தாசர் நகரசபையின் தலைமை நிர்வாக அதிகாரியாகச் சுபாஷ் சந்திர போசை நியமித்தார். அவருக்கு அப்போது வயது 27. மாதச் சம்பளம் 3000 ரூபாய் என்றிருந்ததில் அவர் 1500 மட்டுமே பெற்றுக்கொண்டார். இலவச ஆரம்பப் பள்ளிகளும் ஏழைகளுக்கான மருத்துவ உதவியும் நகரசபையின் கடமைகளாகக் கொள்ளப்பட்டன. நகரசபை ஊழியர்கள் கதர் உடுத்தனர். அக்டோபர் இறுதியில் அரசாங்கம் போசைக் கைது செய்தது. அலிப்பூர்ச் சிறையில் இருந்தவாறே சில காலம் அவர் நகரசபைக் கோப்புகளைப் பார்த்துவந்தார். கட்சி அரசியலின் மாண்பைக் காட்ட இதனினும் நல்ல காட்சி ஒன்றை நாம் அறியோம்; சாக்கடைக்கும் குழாய்க்கும் சிறையிலிருந்து கையெழுத்து!

இனி இதன் மறுபக்கத்தையும் கூறிவிடுவோம். 1923 டிசம்பரில் தாசர் வங்காள முஸ்லிம் தலைவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்தார். சுயராஜ்யம் வந்தபின் அரசாங்க வேலைகளில் 55 சதவிகிதம் முஸ்லிம்களுக்கு என்பது அதன் ஒரு விதி. காக்கிநாடாவில் கூடிய காங்கிரஸ் அதை ஏற்க மறுத்தது; அடுத்த ஆண்டு சிராஜ்கஞ்சில் கூடிய வங்காள மாகாண மகாநாடு ஏற்றது. இது சந்தைப் பேரம் என்றனர் பலர். இந்து முஸ்லிம் ஒற்றுமை என்று மேடையில் முழங்கியவர்கள் வேலைக் கணக்கு என்றவுடன் முகஞ் சுளித்தனர். ஒற்றுமை என்ற பெரிய சொல்லை எத்தனை குமாஸ்தா வேலைகள், எத்தனை ஆசிரியர் வேலைகள் என்று எண்ணிக் கொடுக்கத் துணிந்தவரை வியாபாரி என்பதா, இலட்சியவாதி என்பதா? எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று நம்மால் கோடு கிழிக்க முடியவில்லை.

1925 ஜூன் 16-ஆம் நாள் டார்ஜிலிங்கில் தாசர் காலமானார். அவர் கல்கத்தாவில் வாழ்ந்த இல்லம் சித்தரஞ்சன் சேவா சதனம் என்னும் மருத்துவமனையாயிற்று. உடன்படிக்கை மறு ஆண்டே கைவிடப்பட்டது. சுயராஜ்யக் கட்சியிலிருந்து, அரசாங்கத்தோடு ஏற்ற அளவு ஒத்துழைக்கலாம் என்ற ஒரு பிரிவு பிரிந்தது. மத்திய மாகாணத்தில் அக்கட்சியைச் சேர்ந்த ஒருவர் நிர்வாக சபைப் பதவியையே ஏற்றுக்கொண்டார். கல்கத்தா நகரசபையில் மேயர் பதவிக்காகக் காங்கிரசின் இரு பிரிவுகள் மோதிக்கொள்ளலாயின. எது ஏற்கத் தக்கது, எது தகாதது என்ற கணக்கு ஒரு மனிதரின் மனத்தில் இருந்தது. கட்சியின் ஏட்டில் எழுதப்படவில்லை. அவர் போனதும் கணக்கும் போயிற்று. தாசரின் குறை என்று சொல்ல வேண்டுமானால் இதையே நாம் சொல்வோம்.

கயாவில் வென்ற இராஜாஜி என்ன செய்தார்? அவர் வெறுங்கையோடு இருக்கவில்லை. 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கதர்ப் பணியிலும் மதுவிலக்குப் பிரசாரத்திலும் ஈடுபட்டார். இதற்கிடையில் 1926 தேர்தலில் சென்னையில் சுயராஜ்யக் கட்சியே முதலிடம் பெற்றும் பதவியை மறுத்தது. டாக்டர் சுப்பராயன் சுயேச்சை மந்திரி சபை அமைத்தார். பிறகு 1937 வந்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாகாண இலாகாக்கள் யாவும் மந்திரிகளிடம் வந்தன. கவர்னர்களுக்கு விசேஷ அதிகாரங்கள் இருந்தன. காங்கிரஸ் பல மாதம் தயங்கியது. பதவி ஏற்கலாம் என்று வாதிட்டவர்களுள் இராஜாஜியும் ஒருவர். ஜூலை 14-இல் சென்னையின் பிரதம மந்திரியானார்.

விரதம் முறிந்தது என்று இதை எள்ளுவது எளிது. ஆனால் பதவியில் அவர் முதலில் செய்தவற்றுள் ஒன்று, 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. ஆசிரமத்தில் பேசியதை ஜில்லாவில் செய்தார். கள்ளுச் சாராய வருமானம் போனதால் பணம் வேண்டியிருந்தது; 1939-இல் பொது விற்பனை வரி விதித்தார். அந்த வரி பல உருவெடுத்து 2017-இல் சரக்கு சேவை வரியில் கலந்த வரையில் நாம் எல்லோரும் செலுத்தி வந்தோம். ஒருவருடைய இலட்சியத்துக்கு வியாபாரியின் கல்லாவில் கட்டணம் வசூலான கதை இது. அதே மந்திரி சபைதான் 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்தவர்கள்மீது, முன்னர்க் காங்கிரஸ் தானே கண்டித்த அடக்குமுறைச் சட்டத்தைப் பயன்படுத்தியது. நாற்காலி ஒருவரிடம் எதைக் கேட்கும் என்பதற்கு அதுவும் சான்று. சுதந்திரம் பிறந்த நாளில், அன்று கயாவில் தாசரை எதிர்த்து நின்ற இராஜாஜி, கல்கத்தாவில் மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராகப் பொறுப்பேற்றார். ஓராண்டு நிறையுமுன் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகி டில்லி சென்றார்.

சத்தியமூர்த்தியைப் பற்றியும் ஒரு சொல். தொடக்கம் முதலே சட்டசபைப் பிரவேசத்துக்காக வாதாடியவர் அவர். 1937 மந்திரி சபையில் அவர் இல்லை. அவருக்குக் கிடைத்தது சென்னை மேயர் பதவி. அதைக் கொண்டு பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிசெய்தார். அது 1944-இல் நிறைவுற்றபோது அவர் உயிரோடில்லை. இன்று அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகரம்.

தாசரின் நகரத்தில் இவ்வழக்கு இன்னொரு முறையும் எழுந்தது. அது நம் காலத்தது. 1964-இல் தெற்குக் கல்கத்தாவில் தியாகராஜா ஹாலில் — நம் செவிக்கு நெருங்கிய பெயர் — கூடிய மாநாட்டில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி தன் வேலைத் திட்டத்தை வகுத்தது. அதன் முதல் அரசியல் தலைமைக் குழுவின் ஒன்பது பேரில் நம் பி. இராமமூர்த்தியும் ஜோதி பாசுவும் இருந்தனர். மாநில அரசுகளில் அமர்ந்து மக்களுக்கு உடனடி நிவாரணம் தரலாம் என்று அத்திட்டம் இடந்தந்தது. 1977 முதல் ஜோதி பாசு மேற்கு வங்கத்தின் முதலமைச்சர். புரட்சியைத் தன் குறிக்கோளாகக் கொண்ட அக்கட்சி, அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு, குத்தகை விவசாயிகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதும் வேலையில் 1978-இல் இறங்கிற்று. ஏறத்தாழ 14 லட்சம் பேர் பெயர் அவ்வாறு எழுதப்பட்டது. எழுதப்பட்டவனை நிலத்திலிருந்து எளிதில் வெளியேற்ற முடியாது. கைக்கு எட்டிய வேலை என்றால் இதுதான்.

1996 மே மாதத்தில் வாஜ்பாயி மந்திரி சபை 13 நாட்களில் விலகிற்று. தி.மு.க.வும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசும் உள்ளிட்ட ஐக்கிய முன்னணி ஜோதி பாசுவைப் பிரதமராகும்படி வேண்டிற்று. கட்சியின் மத்தியக் குழு பெரும்பான்மை வாக்கால் மறுத்தது. மீண்டும் ஆலோசித்து மீண்டும் மறுத்தது. தேவே கவுடா பிரதமரானார். மறு ஆண்டு ஜோதி பாசு பத்திரிகைப் பேட்டி ஒன்றில் அம்முடிவை வரலாற்றுப் பெருந்தவறு என்றார். ஆயினும் அம்முடிவுக்கு அவர் கட்டுப்பட்டே நடந்தார்.

மறுத்தவர்களின் கணக்கைத் தள்ளிவிடுவதற்கில்லை. மக்கள் சபையில் அக்கட்சிக்கு இருந்தவை 32 இடங்கள். காங்கிரசின் வெளி ஆதரவில் நிற்கும் அரசு. அவ்வாதரவு நின்றால் அரசும் வீழும். அவ்வாறே தேவே கவுடா 1997 ஏப்ரலிலும், குஜ்ரால் அவ்வாண்டு நவம்பரிலும் பதவி இழக்க நேர்ந்தது. பழி நமக்கு, அதிகாரம் பிறர்க்கு என்று தாசர் லிட்டனிடம் கண்ட அதே நிலை என்று அவர்கள் கருதியிருந்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் நம் மனத்துக்கு ஒன்று ஒவ்வவில்லை. 19 ஆண்டுகள் ரைட்டர்ஸ் கட்டடத்தில் அமர்ந்து, பிறர் வகுத்த சட்டத்துக்குள், டில்லியின் பணத்தை எதிர்நோக்கி ஆண்ட கட்சி அது. மாநிலத்தில் செய்யலாம், மத்தியில் கூடாது என்பதற்கு அது காட்டிய முதற் காரணம், 1964-இல் எழுதிய திட்டத்தின் வாசகம். அந்த நாற்காலியிலிருந்து ஓராண்டில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்ற கேள்விக்குக் கிடைத்த இடம் குறைவு. அதே மாநிலத்திலிருந்து சென்ற இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் இந்திரஜித் குப்தா அந்த அரசில் உள்துறை அமைச்சரானார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1998 அக்டோபரில் கல்கத்தாவிலேயே கூடிய கட்சி மாநாடு மறுப்பை உறுதி செய்தது. 2000 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் திட்டத்தைத் திருத்தி, மத்திய அரசில் சேரும் கேள்வியைத் தருணத்துக்கேற்ப ஆராயலாம் என்று கட்சி வழி வைத்தது. அடுத்த மாதமே ஜோதி பாசு முதுமை காரணமாக முதலமைச்சர் பதவியினின்று ஓய்வு பெற்றார்.

நேயர்களே, நாம் பிறந்த மாநிலத்தை விட்டு வந்தவர்கள். நம் வாக்கு இங்கே எண்ணிக்கையில் சிறியது. கொள்கை விவாதத்தைப் பிறர் மொழியில் கேட்டு, பாதியைப் புரிந்துகொண்டு, மீதியை ஊகித்து வாக்களிக்கிறோம். ஆகவே மேடைப் பேச்சைக் கொண்டு கட்சியை அளப்பது நமக்கு இயலாத காரியம். அடுத்த முறை துண்டுப் பிரசுரத்தோடு வருகிறவரிடம் நாம் கேட்கத் தக்கது இதுதான்: நீங்கள் கேட்கும் இந்தப் பதவியில் எந்தச் சாவி உங்கள் கைக்கு வரும்? எது வராது? எந்தக் காரியத்துக்காகப் பதவி தந்தாலும் வேண்டாம் என்பீர்கள்? அதை முன்கூட்டியே எழுதித் தருவீர்களா? கேட்கும்போது நம் வங்க மொழியில் இலக்கணப் பிழை இருக்கலாம். குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி நாம் இதுவரை பேசியதெல்லாம் அந்த வங்க மொழியில்தான். கவுன்சிலருக்கு அது விளங்காமற் போனதில்லை.